நான்காவது பலகை

எங்கே உட்கார்ந்தாலும் எழிலரசியின் வலது கை கீழே போய்விடும். டீக்கடை பெஞ்சின் ஓரம், தாலுகா ஆபீஸ் மேசையின் விளிம்பு, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பலகை, எதுவானாலும் கட்டைவிரல் நகம் அதன் ஓரத்தில் மெதுவாக ஊர்ந்து போகும். ஒட்டுப்பலகை என்றால் ஓரத்தில் அடுக்குகள் கோடுகோடாகத் தெரியுமல்லவா, அந்தக் கோடுகளுக்கு நடுவே நகம் நுழைகிறதா என்று பார்ப்பாள். நுழையாவிட்டால் விரல் அடுத்த சாணுக்கு நகரும். நுழைந்துவிட்டால் அங்கேயே நின்று, காயத்தைத் தொடுவது போல ஒரு தரம் அழுத்திவிட்டு மடிக்குத் திரும்பிவிடும். முகம் மட்டும் எதிரே இருப்பவர் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டே இருக்கும். ஒரு தடவை பேங்க் மேனேஜர், "இன்னா மேடம், யாராவது சூயிங்கம் ஒட்டி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டார்.

அவள் செய்து விற்றது ஸ்கேட்போர்டு. மங்கலம்பேட்டையில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் நடத்திய ஸ்கேட்போர்டு பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிற வேலைக்குப் போனாள். தேய்க்கப் போனவள் அறுக்கக் கற்றாள், பசை தடவக் கற்றாள். அவர் பட்டறையை மூடிவிட்டு ஊருக்குக் கிளம்பியபோது, அவருடைய அச்சுகளைத் தன்னிடம் தந்துவிட்டுப் போகும்படி கேட்டு வாங்கிக்கொண்டாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து முடிந்தும் போயிருந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை, நாமும் விட்டுவிடலாம்.

கடலூர் முதுநகரில் லாரி ஓட்டி ஓய்ந்த சுப்புராயனின் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில்தான் தொழிலை ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. "சப்பாத்திப் பலகைக்கு எதுக்கும்மா சக்கரம்?" என்று ஒருவர் கேட்டார். சுப்புராயனின் மனைவி புஷ்பவள்ளிக்குத்தான் அதன் அருமை முதலில் விளங்கியது. கழித்துப்போட்ட பலகை ஒன்றை எடுத்துப்போய் அதன்மேல் கேஸ் சிலிண்டரை நிறுத்தி, வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் காலாலேயே தள்ளிக்கொண்டு போனாள். "இது நல்ல சாமான்டி எழிலு. இடுப்பு தப்பிச்சுது. நீ இதையே வித்தியன்னா இந்தத் தெருவுல வீட்டுக்கு ஒண்ணு போவும்."

வேலை இப்படித்தான். மெல்லிய மர ஏடுகள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முன்னும் பின்னும் வளைந்த அச்சுக்கு நடுவே வைக்க வேண்டும். அச்சை ஓர் இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, அடியில் ஜாக்கி கொடுத்து ஏற்றினால், ஏடுகள் நசுங்கி வளைந்து ஒரே பலகையாகும். ஓர் இரவும் ஒரு பகலும் அந்தப் பாரம் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு தடவைக்கு நான்கு பலகை. அதற்கப்புறம் அறுப்பு, தேய்ப்பு, சக்கரம் பூட்டுவது எல்லாம். சட்டம் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. ஜாக்கி சுப்புராயன் கொடுத்தது.

பலகையின் அடிப்பக்கத்தில் படம் வரைந்தவள் ஜான்சி. மாதா கோயில் தெருப் பெண். சுவரெழுத்துக்காரர் மகள். எந்தப் படமும் இரண்டு தடவை வரைய மாட்டாள். வளைந்து நிற்கும் மரத்தில் அவள் வரைந்த மீனுக்கு, பலகையைத் திருப்புகிறபோதெல்லாம் வால் அசைவது போலிருக்கும். இருவரும் நாள் முழுக்க மரத்தூளில் கிடப்பார்கள். மாலையில் புருவம் வெளுத்து வெளியே வந்தால், "ரெண்டு கெழவியும் வேல முடிச்சிட்டாங்கடா" என்பான் எதிர்வீட்டு மெக்கானிக். "ஆமாண்டா பேராண்டி, வந்து கால அமுக்கி வுடு" என்பாள் ஜான்சி.

ஐப்பசி மழை விட்டு வெளுத்த ஒரு காலையில் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. சித்தார்த். அங்கே பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லித் தருகிற பையன். போன மாதம்தான் அவனுக்குப் பலகைகள் போயிருந்தன.

"அக்கா, வெண்மதி வுழுந்துட்டா. முழங்கை ரெண்டா ஒடைஞ்சிருக்கு. ஜிஎச்ல வெச்சிருக்காங்க."

"எப்பிடிடா?"

"ஓட்டிக்கிட்டு இருக்கச்சொல்லவே பலகை பிரிஞ்சிடுச்சுக்கா. ஒடையல. பொஸ்தகம் மாரி பிரிஞ்சிடுச்சு."

"எந்தப் பலகை?" என்று கேட்டாள் எழிலரசி. கேட்ட பிறகுதான், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று உறைத்தது. வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"நண்டுப் படம் போட்டது."

ஜான்சி தூரிகையைக் கீழே வைத்தாள். நண்டு என்றால் எந்த அடுக்கு என்று இருவருக்கும் தெரியும். நண்டு, கூழைக்கடா, விரால், மீன்கொத்தி. நான்கும் ஒரே நாளில், ஒரே பசையில், ஒரே அச்சில் இறங்கியவை. எழிலரசி அம்மாவைப் பார்க்க மங்கலம்பேட்டைக்குக் கிளம்பிய அன்று சாயங்காலம் ஏற்றி வைத்துவிட்டுப் போன பலகைகள். ஒன்று பிரிந்தால் மற்ற மூன்றும் பிரியும். இன்றைக்கோ, நாளைக்கோ, யாராவது ஒரு பிள்ளை வேகமெடுக்கிற நேரத்திலோ.

"சித்தார்த், மத்த மூணையும் யாரும் தொடக்கூடாது. நான் வரேன். கேக்குதா? தொடக்கூடாது."

"ரெண்டு இங்க இருக்குக்கா. மீன்கொத்தி மட்டும் அய்யனாருகிட்ட இருக்கு. யுனிவர்சிட்டிப் பையன். போன் பண்ணா எடுக்க மாட்றான்."

பஸ்ஸில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது. ஜன்னலுக்கு வெளியே வயலெல்லாம் தண்ணீர். தண்ணீரில் மேகம் அழுக்குத் துணி போலக் கிடந்தது. எழிலரசி மனத்துக்குள் அந்த நாளைத் திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏடுகளில் ஈரம் இருந்ததா? இல்லை, அவளே கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தாள். ஜாக்கி இறங்கியதா? இல்லை, திரும்பி வந்தபோது ஏற்றி வைத்தது வைத்தபடி இறுகி நின்றது. பாக்கி இருந்தது பசை. அந்த நான்குக்கும் பசை கலக்குகிற நேரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்து, அவள் வெளியே போய்ப் பேசினாள். கலக்கியது ஜான்சி.

"அன்னிக்கு பசைல தண்ணி ஊத்துனியா?"

ஜான்சி திரும்பிப் பார்த்தாள். "இன்னாக்கா கேக்கற?"

"கெட்டியா இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தியே. கொஞ்சூண்டு தெளிச்சியா?"

"நீ அளந்து வெச்சத அப்படியே கலக்குனேன்."

"நெஜமா சொல்லு. திட்ட மாட்டேன்."

"திட்டுக்கா. திட்டுனாக் கூடப் பரவால்ல. திட்ட மாட்டேன்னு சொல்ற பாரு, அதான்." ஜான்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்சம் நேரம் கழித்துத் தன் போனை எடுத்து அய்யனாரின் எண்ணை அழுத்தினாள். அடித்து அடித்து நின்றது. மறுபடி அழுத்தினாள். சிதம்பரம் வரைக்கும் அதைத்தான் செய்துகொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வெண்மதி கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். எட்டாவது படிக்கிற பெண். நெற்றியில் ஒரு சிராய்ப்பு. எழிலரசியைப் பார்த்ததும் தப்புச் செய்தவள் போல, "நான் ஸ்டெப்புல எல்லாம் குதிக்கலக்கா. சும்மாதான் போனேன்" என்றாள். எழிலரசி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

வெண்மதியின் அம்மா சத்யப்பிரியா ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். சண்டை போடுவாள் என்று எழிலரசி எதிர்பார்த்துத் தோளை இறுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவள் சத்தமே போடவில்லை.

"கடைல வாங்கறது பிளாஸ்டிக்கு, ஒடையும்னு இவ அப்பா சொன்னாரு. நான்தான், இல்ல, கடலூருல ஒரு பொம்பள கையால செய்யுது, அதுவே இருக்கட்டும்னேன்." சொல்லிவிட்டு மகளின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "வேற யாருக்கும் குடுத்திருக்கீங்களா?"

"அத வாங்கறதுக்குத்தான் வந்திருக்கேன்."

"அப்ப இங்க எதுக்கு நிக்கிறீங்க? போங்க."

சித்தார்த் பலகைகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருந்தான். பிள்ளைகள் ஸ்கேட்டிங் பழகும் மைதானத்துச் சிமென்டுத் தரையில் உட்கார்ந்து எழிலரசி விராலை எடுத்தாள். ஓரம் இறுகித்தான் இருந்தது. நகம் நுழையவில்லை. ஒரு நிமிடம் அவளுக்கு மூச்சு வந்தது. பிறகு பலகையின் மூக்கைத் தரையில் ஊன்றி, வாலில் முழங்காலை வைத்து அழுத்தினாள். உள்ளேயிருந்து காய்ந்த சோளத் தட்டையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். நடுவில் வாய் பிளந்தது. விரலை விட்டு இழுத்தாள். ஏடு முழுசாகக் கையோடு வந்துவிட்டது. பசை காய்ந்துதான் இருந்தது. ஆனால் பிடிக்கவேயில்லை. தொட்ட இடத்தில் வெள்ளையாக உதிர்ந்தது. கூழைக்கடாவும் அப்படியே.

வெளியே ஒன்றும் தெரியாது. தேய்த்து, வார்னிஷ் அடித்து, படம் போட்டு, சக்கரம் பூட்டி, தானே ஏறி நின்று குதித்துப் பார்த்து அனுப்பிய பலகைகள். அவள் கை ஒரு தடவைகூட அதைக் கண்டுபிடிக்கவில்லை.

"அக்கா," என்றான் சித்தார்த் போனைப் பார்த்தபடி. "அய்யனார் ஸ்டேட்டஸ் போட்டிருக்கான்." திருப்பிக் காட்டினான். மீன்கொத்திப் பலகை தலைகீழாக, சக்கரங்கள் வானத்தைப் பார்த்தபடி. கீழே: இன்று மாலை பாலம் இறக்கம். வேற லெவல். "குடிகாட்டுப் பக்கம் புதுசா போட்ட மேம்பாலம்கா. இன்னும் தெறக்கல. காத்தாலயே கடலூரு போயிட்டானாம். வீடியோ எடுக்கிறாங்க."

"எவ்ளோ இறக்கம்?"

சித்தார்த் கையைச் சாய்த்துக் காட்டினான்.

திரும்பி வருகிற பஸ் புதுச்சத்திரத்தில் ஒரு ரயில் கேட்டுக்கு நின்றது. எழிலரசி இறங்கிப் போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் தட்டி, "எவ்ளோ நேரம் ஆவும்ணா?" என்றாள். "ரயில கேளும்மா" என்றார் அவர். ஜான்சி இன்னும் அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். பேட்டரி தீரப்போகிறது என்று கண்டக்டரிடம் சார்ஜர் கேட்டாள். அவள் கண் சிவந்திருந்ததை எழிலரசி பார்த்தாள். பார்த்தும், தண்ணீர் ஊற்றினாளா இல்லையா என்பதுதான் மறுபடி மறுபடி வாயில் வந்து நின்றது. ஊற்றினேன் என்று அவள் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். மற்ற பலகைகளை நம்பலாம். தன் கையை நம்பலாம்.

மேம்பாலத்துக்கு அருகில் இறங்கியபோது வெளிச்சம் சரிந்துகொண்டிருந்தது. தொழிற்பேட்டையின் வாடை மூக்கில் ஏறியது. கீழே மூன்று பையன்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உச்சியில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், சிவப்புச் சட்டையில் ஒருவன்.

"அய்யனாரே! வராத! ஏறாத!" என்று எழிலரசி கத்தினாள்.

அவன் கையை ஆட்டினான். யாரோ உற்சாகப்படுத்துவதாக நினைத்திருப்பான். ஒரு காலைத் தரையில் உதைத்தான், இரண்டாவது தரம் உதைத்தான், ஏறி நின்றுவிட்டான்.

"அக்கா, ஓரமா வா. பிரேம்ல வர்ற" என்று கத்தினான் கீழே நின்றவன்.

எழிலரசி ஓரமாக வரவில்லை. மேலே ஏறி ஓடி, சாலைக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். சக்கரச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். அவள் கொட்டகையில், சிமென்டுத் தரையில், எத்தனையோ தடவை காதில் இனித்த சத்தம். அது இப்போது தன்மேல் வருவதை, கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அய்யனார் வாயைத் திறந்தான். உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்துக் குதித்தான். குதித்தவன் நாலடி ஓடி, முழங்கால் தேய விழுந்தான். பலகை தனியாக அவளைத் தாண்டிப் போய் நடைபாதைக் கல்லில் மோதியது.

"லூசாக்கா நீ?" எழுந்தவன் கத்தினான். அவன் முழங்காலில் பேன்ட் கிழிந்து ரத்தம் வந்தது. "சூப்பரா வந்துக்கிட்டு இருந்தேன்ல! செத்திருப்பேன்!"

"பலகை சரியில்ல தம்பி. பிரிஞ்சிடும். சிதம்பரத்துல ஒரு பொண்ணுக்குக் கை..."

"எனக்கு ஒண்ணும் ஆவல. ரெண்டு வாரமா ஓட்டறேன். செமயா இருந்துச்சு. நீ வந்து நின்னதாலதான் போச்சு."

ஜான்சி போய்ப் பலகையை எடுத்துவந்தாள். மீன்கொத்தியின் அலகு இருந்த முனை ஏடுஏடாக விரிந்திருந்தது. கல்லில் மோதியதால் விரிந்ததா, தானாகவே விரிந்திருக்குமா என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. எழிலரசி அதைக் காட்டினாள். "கல்லுல மோதுனா தேக்கு மரம்கூடத்தான் பேந்துக்கும்" என்றான் அய்யனார். எழிலரசி உட்கார்ந்து, அவன் கண்ணெதிரே, ஒவ்வொரு ஏடாகப் பிய்த்துக் காட்டத் தொடங்கினாள். விரலில் சிராய் ஏறியது. அவள் நிறுத்தவில்லை. பையன்கள் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள்.

"மச்சான்," என்றான் ஒருவன் மெதுவாக, "இதுவும் வீடியோல வந்துடுச்சுடா."

அந்த வீடியோ இரண்டு நாளில் ஊரெல்லாம் சுற்றியது. கையை விரித்து நிற்கிற பெண், அவளைத் தாண்டிப் பறக்கிற பலகை, பின்னணியில் ஒரு சினிமா வசனம். யாரோ அதற்கு 'ஸ்பீட் பிரேக்கர் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது உறைக்கவேயில்லை. கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு பசை கலக்கிக்கொண்டிருந்தாள்.

ஈர ஏட்டில் ஒட்டிப் பார்த்தாள். காய்ந்த ஏட்டில் ஒட்டிப் பார்த்தாள். புது டப்பா, பழைய டப்பா. மழை நாளில், வெயில் நாளில். பசையில் வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றியும் பார்த்தாள். ஊற்றியது கொஞ்சம் பலவீனமாகத்தான் பிடித்தது. அப்போதும் அந்த நான்கைப் போல வெள்ளையாக உதிரவில்லை. மற்றதெல்லாம் கல்லு மாதிரி நின்றது. சட்டத்தில் மாட்டி, மேலே மணல் மூட்டை அடுக்கி, தானும் ஏறி நின்றாள். ஒன்றும் பிரியவில்லை. ஒரு பலகையாவது பிரியாதா என்று ஏங்குகிற நிலைக்கு வந்துவிட்டாள். பிரிந்தால் காரணம் தெரியும். எல்லாம் சரியாக இருக்கிறபோது எதைத் திருத்துவது?

ஜான்சி ஒரு வாரம் வந்தாள். வழக்கம் போலத் தரையைப் பெருக்கினாள், டீ வாங்கிவந்தாள். ஆனால் தூரிகையை எடுக்கவில்லை. வரைவதற்குப் பலகையும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் கதவருகில் நின்று, "அக்கா, நான் திருப்பூர் போறேன். சித்தப்பா இருக்காரு. பனியனுக்குப் படம் போடற கம்பெனி" என்றாள்.

எழிலரசி அளவுக் கிண்ணத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "போவும்போதாவது சொல்லிட்டுப் போ ஜான்சி. ஊத்துனியா?" என்றாள்.

ஜான்சி செருப்பை மாட்டினாள். "ஊத்துனேன்னு வெச்சுக்கக்கா," என்றாள். "ஒனக்கு அதுல தூக்கம் வரும்னா வெச்சுக்க."

போய்விட்டாள். எழிலரசிக்கு அதிலும் தூக்கம் வரவில்லை. ஊற்றியவள் அப்படிச் சொல்ல மாட்டாள் என்பது அவள் படியிறங்கும்போதே தெரிந்துவிட்டது. கூப்பிடலாம் என்று வாசல் வரைக்கும் போனாள். கூப்பிடாமல் அங்கேயே நின்றாள். தெருமுனையில் மெக்கானிக் ஏதோ கேலி பேசினான். ஜான்சி பதில் கொடுக்காமல் போனாள்.

அதற்கப்புறம் ஆர்டர்கள் வந்தன. அதுதான் விசித்திரம். வீடியோ பார்த்து, "இப்பிடி ஒரு ஆளு செஞ்சா நம்பி வாங்கலாம்" என்று சென்னையிலிருந்தெல்லாம் கேட்டார்கள். எழிலரசி ஒன்று செய்தாள். நல்ல பலகை. பெட்டியில் போட்டு, முகவரி எழுதி, கூரியர்காரன் வந்து வாசலில் நின்றபோது, அவன் கையிலிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னாக்கா?" என்றான் அவன். "இல்ல, நீ போ" என்றாள். பெட்டியைப் பிரித்துப் பலகையை ரம்பத்தில் குறுக்கே அறுத்துப் பார்த்தாள். உள்ளே ஏழு கோடும் ஒன்றோடொன்று உயிராக ஒட்டியிருந்தன. ஒரு குறையும் இல்லை. நல்ல பலகையை அறுத்துவிட்டோம் என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதாள்.

தை மாதத்தில் கொட்டகையைக் காலி செய்தாள். அச்சுகளை விறகுக்குத் தந்தாள். ஜாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டுச் சுப்புராயனிடம் ஒப்படைத்தாள். இப்போது வடலூரில் பள்ளிக்கூடச் சீருடை விற்கிற கடையில் நிற்கிறாள். மரம் இல்லாத வேலையாகப் பார்த்துச் சேர்ந்தாளாம். வெண்மதிக்குக் கை கூடிவிட்டது. முழுக்க நீட்ட வராது. மாதத்துக்கு ஒரு தடவை எழிலரசி சிதம்பரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். சத்யப்பிரியா காபி கொடுப்பாள். இருவரும் பலகையைப் பற்றிப் பேசுவதில்லை.

கொட்டகை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வாடகைக்குக் கேட்டுப் போகிறவர்களுக்குச் சுப்புராயனே பூட்டைத் திறந்து காட்டுவார். முன்பு இங்கே இருந்த பெண்ணைப் பற்றி நல்ல வார்த்தைதான் சொல்வார். சுத்தமான பொண்ணு, சாமி பயம் உள்ள பொண்ணு, கெட்ட நேரம், என்பார். அவள் ஊரைவிட்டுப் போய் வெகுநாள் கழித்து, அப்படி ஒரு தடவை திறந்து காட்டும்போது அவராகவே சொன்னது இது:

"போன ஆயுத பூசைக்கு மொத நாளு சாயங்காலம் அந்தப் பொண்ணு அம்மா ஊட்டுக்குப் போயிட்டுது. ரம்பத்துக்கு, சுத்திக்கு, எல்லாத்துக்கும் சந்தனம் பொட்டு வெச்சிட்டுத்தான் போயிருந்திச்சி. ஜாக்கிய மட்டும் பாரத்தோட வுட்டுட்டுப் போயிட்டுது. முப்பது வருசம் லாரி ஓட்டுனவன் நான், பூசையன்னிக்கு ஜாக்கி மேல பாரம் நிக்கலாமா? அதுவும் என் ஜாக்கி. அன்னிக்குப் பொழுது சாயறப்பவே எறக்கி, கழுவி, பொட்டு வெச்சு சாமிகிட்ட வெச்சிட்டேன். பூசை முடிஞ்சு மறுநாளு விடியக்காலைல முன்ன எப்பிடி நின்னுதோ அதே மாரி ஏத்தி வெச்சிட்டேன். நல்ல காரியத்த வெளிய சொல்லுவாங்களான்னு அதுகிட்ட சொல்லக்கூட இல்ல."